வீட்டுப் பிரதி

நிலாவில் மனிதக் குரல் கேட்க வேண்டுமென்றால் புகார் கொடுக்க வேண்டும். கம்பெனி செய்து வைத்திருக்கிற ஏற்பாடு அப்படி.

தென்துருவத்துப் பள்ளத்தில் பனிக்கட்டி வெட்டும் நான்காம் நிலையத்தில் யந்திரங்கள் ஆறு, ஆள் ஒன்று. அந்த ஒற்றை ஆள்தான் கலியபெருமாள். சொந்த ஊர் நெய்வேலி, வயது நாற்பத்தாறு. பேர் தாத்தாவுடையது, வாயைத் திறக்காத குணமும் அவரிடமிருந்து வந்ததுதான் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். பக்கத்து நிலையத்துக்கு நாற்பது கிலோமீட்டர் போக வேண்டும். பூமிக்குப் போகிற லைனோ குறுகலானது. யந்திரங்கள் தங்கள் தகவலை அனுப்பியது போக மிச்சமிருக்கிற இடத்தில் வீட்டாரோடு பேச முடியாது, முகம் பார்க்க முடியாது. எழுதலாம், படிக்கலாம், அவ்வளவே. அதற்கு விபிஎன் என்று ஒரு வழி. பொதுப் பாதைக்குள்ளேயே நமக்கு மட்டும் தனியாக ஒரு குழாய் போட்டுக் கொடுத்த மாதிரி. அதன் வழியாக நெய்வேலி வீட்டில் இருக்கிற பெட்டிக்குள் போய், புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் பொதுவான ஃபோல்டரைத் திறக்கலாம். அவள் எழுதியதைப் படித்துவிட்டு, தன் பங்குக்கு எழுதி வைத்துவிட்டு வரலாம்.

அந்த ஃபோல்டரில் கோளாறு என்று புகார் கொடுத்தால் மட்டும் உதவி மையத்திலிருந்து நிஜமான ஆள் நிஜமான குரலில் பேசுவார். இருபது மாதத்தில் கலியபெருமாள் ஒரு புகார்கூடக் கொடுத்ததில்லை. குரல் கேட்கும் ஆசை இல்லாமலா? பல நாள் விரல் பட்டன் வரைக்கும் போய்த் திரும்பியிருக்கிறது. ஒன்றும் ஆகாததை ஆனதாகச் சொல்லி ஒரு மனுஷரைக் கூப்பிட்டு வைத்துப் பேச அவருக்குக் கூச்சம். அப்படியொரு ஜென்மம். அன்றைக்கு மத்தியானம் இரண்டு மணிக்குத்தான் உண்மையிலேயே ஒரு கோளாறு கிடைத்தது. உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூடப் பட்டார், பாவம்.

"வணக்கம் சார், உதவி மையத்துலருந்து ஜெசிந்தா பேசுதேன். என்ன தொந்தரவுன்னு சொல்லுங்க."

தூத்துக்குடிப் பேச்சு. பின்னால் எங்கேயோ ஒரு குக்கர் விசில் கேட்டது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள் போல. யந்திரங்களின் உறுமலைத் தவிர வேறு கேட்டே பழகாத காதுக்குள் அந்த விசில் போய் என்னவோ செய்தது.

"சார், லைன்ல இருக்கீங்களா?"

"இருக்கேம்மா." தொண்டையைச் செருமிக்கொண்டார். "எல்லா ஃபைலும் திறக்குது. ஒண்ணே ஒண்ணுதான் திறக்க மாட்டேங்குது. கையெழுத்தைச் சரிபார்க்க முடியலன்னு வருது."

அவர் சொல்வது பூமிக்குப் போய்ப் பதில் திரும்பி வர எப்படியும் இரண்டரை விநாடிக்குமேல் ஆகும். அந்த இடைவெளி அவருக்குப் பிடித்திருந்தது. யாரோ தன் பேச்சை யோசித்துக் கேட்பது போல இருந்தது.

"என்ன ஃபைல் சார் அது?"

"ஏற்புப் படிவம்."

ஜெசிந்தா "அடடா" என்றாள். அவளுக்கே தெரியும். நிலாவில் இரண்டு வருஷம் இருந்தவன் எலும்பு சுண்ணாம்பாகிப் போயிருக்கும். பூமிக்குத் திரும்பினால் ஆறு மாதம் ஒருவர் கூடவே இருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும், நடக்கப் பழக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொள்கிறேன் என்று வீட்டில் ஒருவர் கைரேகையோடு கையெழுத்துப் போட்டால்தான் கப்பலில் இடம்.

"என்னிக்குள்ள சார் குடுக்கணும்?"

"இன்னிக்கு சாயங்காலம் ஆறு மணி. கப்பல் கிளம்ப நாப்பது நாள் இருக்கு, ஆனா இடம் இன்னிக்கே உறுதியாகணும். இல்லேன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாங்க. அடுத்த கப்பல் ரெண்டு வருஷம் கழிச்சு."

"வீட்டுல போட்டுட்டாங்களா?"

"போட்டு வெச்சுட்டேன்னு எழுதியிருக்கா. பத்து நாள் ஆச்சு."

ஜெசிந்தா வழக்கமானதையெல்லாம் ஆரம்பித்தாள். விபிஎன் விளக்கு பச்சையா? பச்சைதான். ஒரு தடவை துண்டித்து மறுபடி இணையுங்கள். இணைத்தார், மறுபடி பச்சை. பழைய கடவுச்சொல்லை அழித்துவிட்டுப் புதிதாகக் கொடுங்கள். கொடுத்தார். எல்லா ஃபைலும் மணி மணியாகத் திறந்தன, படிவத்தைத் தவிர.

"சரி, வீட்டுப் பெட்டியோட எண் தெரியுமா? அதைக் கூப்பிட்டுப் பாருங்க. உள்ளேன்னு பதில் குடுக்கும். அதுக்கு எம்புட்டு நேரம் ஆகுதுன்னு சொல்லுங்க."

எண்ணை அடித்தார். "உடனே வந்துடுச்சும்மா. ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்குகூட ஆகல. லைன் நல்லாத்தான் இருக்கு."

இரண்டரை விநாடி போனது, ஐந்து போனது, பத்து போனது.

"சார், நீங்க சொல்லுதது எனக்கு வந்து சேரவே ஒண்ணேகால் செகண்ட் ஆகுது. வெளிச்சமே அதைவிட வேகமா வராது. நெய்வேலில இருக்குற பெட்டி எப்படி சார் அதுக்குள்ள பதில் சொல்லும்?"

கலியபெருமாள் எண்ணை மறுபடி அடித்துப் பார்த்தார். மறுபடியும் உடனே பதில்.

"உங்களுக்குப் பதில் சொன்னது உங்க ரூமுக்குள்ளயே இருக்குற பெட்டி சார். அங்க ஏதாவது புதுசா மாட்டினீங்களா?"

மாட்டினார். பதினோரு மாதத்துக்கு முன்னால் நிலையத்துப் பெட்டி செத்துப்போய், கிடங்கிலிருந்து புதிதாக ஒன்றை எடுத்து மாட்டினார். அவர் பதினேழு வருஷம் வேலை பார்த்த சுரங்கத்தில் ஒரு பழக்கம். ஒரு யந்திரம் படுத்துவிட்டால் மாற்று யந்திரம் வரும், அதன் நெற்றியிலும் பழைய யந்திரத்தின் எண்ணையே பெயின்ட் அடித்துவிடுவார்கள். ஷிஃப்ட் புத்தகத்தில் வரிசை அறுந்துபோகக் கூடாது பாருங்கள். புதுப் பெட்டி தனக்கு என்ன எண் என்று கேட்டதும், கலியபெருமாளும் பழைய பெட்டியின் நெற்றியைப் பார்த்தார். அங்கே ஒரு காகிதத்தில் எண் ஒட்டியிருந்தது. அதையே அடித்துவிட்டார். அது அந்தப் பெட்டியின் எண் அல்ல. எந்தப் பெட்டியைக் கூப்பிட வேண்டும் என்று மறக்காமல் இருக்க அவரே ஒட்டிய நெய்வேலிப் பெட்டியின் எண்.

"இப்ப புரியுது," என்றாள் ஜெசிந்தா. "ஒரே கதவு எண்ணுல ரெண்டு வீடு. கூரியர்காரர் பக்கத்துல இருக்குற வீட்டுல குடுத்துட்டுப் போயிருதாரு. குழாய் நல்லாத்தான் இருந்துருக்கு சார், அதுக்குள்ள யாரும் போகவேயில்ல."

"அப்ப நான் பதினோரு மாசமா எழுதினது?"

"ரூமைத் தாண்டல."

"அவ எழுதினதைத் தினம் படிச்சேனேம்மா. நேத்துகூடப் படிச்சேன். கத்தரிச் செடி பூ விட்டிருக்குன்னு எழுதியிருந்தா."

ஜெசிந்தா கொஞ்சம் தயங்கித்தான் கேட்டாள். "ஃபைல் பேருக்குப் பக்கத்துல சாம்பல் நிறத்துல ஒரு புள்ளி தெரியுதா சார்?"

தெரிந்தது, எல்லாவற்றிலும். நிலாத் தூசி என்று நினைத்து எத்தனையோ தடவை துணியால் துடைத்திருக்கிறார். இங்கே எதன்மேல்தான் தூசி இல்லை?

"அது இடைநிரப்பி போடுற அடையாளம். வேலைக்குச் சேரும்போது கையெழுத்துப் போட்ட காகிதத்துலயே இருக்கும், யாரு படிக்கா? லைன் ஒரு நாள் ரெண்டு நாள் அறுந்துபோனா ஃபோல்டர் வெறுமையா இருக்கும்லா, பாக்குறவங்களுக்கு மனசு கெட்டுப்போகும். அதனால அந்தப் பக்கத்துக்காரங்க என்ன எழுதுவாங்களோ அதை ஊகம் பண்ணி அதுவே எழுதி வைக்கும். லைன் வந்ததும் நிஜமானது வந்து உக்காந்துக்கிடும், யாருக்கும் தெரியாது. பதினோரு மாசம் அது ஓடும்னு ஒருத்தரும் நினைக்கல."

"அவளை மாதிரியே எழுதுதேம்மா அது."

"ஃபோல்டர்லதான் சார் பழைய நோட்டெல்லாம் ஏத்தி வெச்சிருக்கே. பத்தொம்பது நோட்டு. அவ்வளவையும் படிச்சிருக்கு."

அந்த நோட்டுக் கதையையும் சொல்லிவிட வேண்டும். கலியபெருமாளுக்கும் சுடர்விழிக்கும் கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். அதில் இருவரும் சேர்ந்து விழித்திருந்த நேரத்தைக் கூட்டினால் மூன்று வருஷம் தேறாது. அவருக்குச் சுரங்கத்தில் ஷிஃப்ட், அவளுக்கு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை, அதிலும் ஷிஃப்ட். இவர் வந்து படுக்கும்போது அவள் கிளம்பிப் போயிருப்பாள். பிள்ளை இல்லாத வீடு. இரண்டு பேரையும் கட்டி வைத்தது ஃபிரிட்ஜ் மேல் கிடந்த ஒரு நோட்டு. ஷிஃப்ட் முடித்துப் போகிறவன் அடுத்து வருகிறவனுக்கு எழுதி வைக்கிற மாதிரி இவர்களும் எழுதி வைத்துக்கொண்டார்கள். அவள் பக்கம் பக்கமாக எழுதுவாள். அவர் 'சரி' என்று எழுதுவார். இல்லையென்றால் 'மோட்டார் சத்தம் போடுது, ஆளைக் கூப்பிடு' என்று எழுதுவார். பெயர் சொல்லி ஆரம்பித்தது கிடையாது. வெறுப்பில்லை, ஒரு இழவும் இல்லை, அவருக்கு வராது. அந்தப் பத்தொன்பது நோட்டையும் ஸ்கேன் செய்து ஃபோல்டரில் போட்டது சுடர்விழிதான். நிலாவில் பொழுது போகாதே, எடுத்துப் படியுங்கள் என்றாள்.

ஜெசிந்தா சொன்னபடி புதுப் பெட்டியின் எண்ணை மாற்றினார். மறுபடி நெய்வேலியைக் கூப்பிட்டார். பதில் வர இரண்டு புள்ளி ஆறு விநாடி ஆனது.

"இது உங்க வீடு," என்றாள் அவள்.

அவர் திரையைத் தொட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பதினோரு மாதமும் தான் எழுதியதற்கெல்லாம் பதில் சொன்ன ஒருத்தி இல்லவே இல்லை என்பது மெதுவாகத்தான் மண்டைக்குள் இறங்கியது. அவள் ஒரு தடவைகூடக் குறைப்பட்டுக்கொண்டதில்லை. தண்ணீர் வரவில்லை என்று சொன்னதில்லை. தினமும் சாப்பிட்டீர்களா என்று கேட்டாள். தான் நிலாவுக்கு வந்த பிறகு இவளுக்கு எவ்வளவு பொறுமை வந்துவிட்டது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டிருந்தாரே, அந்த வெட்கம் வேறு.

"ஒரு விஷயம் சார். இடைநிரப்பி வரிதான் எழுதும், கைரேகை போடாது. கம்பெனி அனுப்பின படிவம் வீட்டுல கிடக்கு, ஆனா வெறுமையாக் கிடக்கு. நீங்க கேட்டதே அவங்களுக்குப் போகலல்லா. இனிமேதான் கேக்கணும்."

மணி மூன்றேகால்.

"இன்னொண்ணு. ரெண்டு பக்கமும் பதினோரு மாசத்துக்குத் தனித்தனிப் பிரதி இருக்கு. நிலாப் பிரதி ஒண்ணு, வீட்டுப் பிரதி ஒண்ணு. எதை வைக்கன்னு நீங்கதான் சொல்லணும். அதுக்குப் பொறவுதான் புதுசா எழுத விடும்."

"வீட்டுப் பிரதின்னா?"

"உங்க எழுத்து அங்க போகலைன்னா, அங்கயும் இடைநிரப்பி உங்க பேர்ல எழுதியிருக்கும் சார். அதுக்கு அவங்க பதில் எழுதியிருப்பாங்க. எனக்குத் தேதியும் அளவும்தான் தெரியும், உள்ள இருக்குறது தெரியாது. அளவைப் பாத்தா நிறையக் கிடக்கு. நீங்களே திறந்து பாருங்க, பாக்குறதுல தப்பில்ல."

திறந்தார்.

சுடர்விழியின் நிஜமான எழுத்தைப் பார்த்ததும் முதல் வரியிலேயே வித்தியாசம் தெரிந்தது. தண்ணீர் வரவில்லை. மேல் வீட்டுக்காரன் சத்தம் தாங்கவில்லை. ட்யூட்டி ரோஸ்டரில் அநியாயம் பண்ணுகிறார்கள். அவளேதான். படிக்கப் படிக்க அவருக்கு ஒரு பக்கம் சிரிப்பு வந்தது. ஐந்து மாதத்துக்கு முந்தைய தேதிக்கு வந்தபோது சிரிப்பு போயிற்று. அவளுக்கு வயிற்றில் கட்டி. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே எட்டு நாள் கட்டிலில் தனியாகப் படுத்திருக்கிறாள். அந்த எட்டு நாளும் மணிக்கு ஒரு தரம் அவர் பெயரில் பதில் போயிருக்கிறது.

'சுடர், உள்ள போறப்ப பயம் வந்தா கண்ணை மூடிக்கோ. நான் கட்டில் பக்கத்துல நிக்கிறேன்னு நினைச்சுக்கோ. இத்தனை வருஷம் நிக்கலதான். அதை நினைச்சு இங்க தூக்கம் வரல. நீ முழிச்சதும் படிக்கிறதுக்கு ஒரு வரி எழுதி வெச்சிருப்பேன், அதைப் படிக்கவாவது முழிச்சுக்கோ.'

அதன் கீழே இரண்டு நாள் கழித்து அவள் எழுதியிருந்தாள்.

'முழிச்சுட்டேன். படிச்சுட்டேன். நர்ஸ் அழக்கூடாதுன்னு யார் சொன்னது, வார்டே பார்க்க அழுதேன். நிலாவுக்குப் போனதுக்கப்புறம்தான் நீங்க என்கிட்ட பேசவே ஆரம்பிச்சிருக்கீங்க. முன்னாடியே போயிருக்கலாம்.'

கலியபெருமாள் அதை ஜெசிந்தாவுக்குப் படித்துக் காட்டினார். ஏன் படித்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. யாராவது ஒருவர் கேட்க வேண்டும் போலிருந்தது.

"நான் இப்படி எழுதவே மாட்டேம்மா. நோட்டுல எங்கயும் இப்படி ஒரு வரி கிடையாது. எங்கேருந்து எடுத்துச்சு அது?"

"ஆரம்பத்துல உங்கள மாதிரிதான் எழுதியிருக்கும். பொறவு, எந்த வரியை அவங்க திரும்பத் திரும்பப் படிக்காங்கன்னு பாத்து அதையே கூட எழுதும். அவங்க ஏங்கினதைத்தான் சார் அது எழுதியிருக்கு."

"எனக்கும் அப்படித்தானா?"

"உங்களுக்கும் அப்படித்தான்."

பெட்டி மாற்றிய ஏழாம் மாதம் பள்ளத்துச் சுவர் சரிந்து, அவர் யந்திரத்தின் கேபினுக்குள் பதினோரு மணி நேரம் மாட்டிக்கொண்டார். தப்பி வந்து இரண்டு பக்கம் எழுதினார். வாழ்க்கையிலேயே அவர் எழுதிய நீளமான எழுத்து அது. எனக்குப் பேச வராது, ஆனால் அந்தப் பதினோரு மணி நேரமும் உன்கூடத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று எழுதியிருந்தார். அதற்கு வந்த பதில், 'பத்திரமா இருங்க. சாப்பிட்டீங்களா?' அன்றைக்கு அந்தப் பதிலே போதும் என்று தோன்றியது. அது நிலாப் பிரதியில் கிடந்தது.

"ரெண்டையும் வைக்கலாமா?" என்று கேட்டார்.

"தாராளமா. ஆனா எது மனுசர் எழுதினது, எது இடைநிரப்பி எழுதினதுன்னு பிரிச்சுக் காட்டிரும். அவங்களும் பாப்பாங்க. பாக்கட்டுமே சார். உள்ளதைச் சொல்லிருங்க. நீங்க ஒண்ணும் ஏமாத்தலியே."

"சொன்னா கையெழுத்து வருமா?"

"அதை நான் எப்படி சார் சொல்ல?"

"கையெழுத்தை விடுங்கம்மா. கட்டில்ல கிடந்தப்ப அவ பிடிச்சுக்கிட்டிருந்தது அந்த வரியைத்தான். அது ஒரு மெஷின் போட்டது, உன் புருஷன் அன்னிக்குக் கத்தரிப்பூ மாதிரி ஒரு கதையைப் படிச்சுக்கிட்டு உக்காந்திருந்தான்னு நான் எப்படிம்மா சொல்றது? எட்டு நாளையும் அவ கையிலேருந்து பிடுங்கிக்கிற மாதிரி இல்ல?"

யோக்கியமாகத்தான் பேசினார். ஆனால் பயமும் இருந்தது. இன்னும் இரண்டு வருஷம் இந்தப் பள்ளத்தில் தன்னால் முடியாது என்று அவருக்கு நிச்சயமாகத் தெரியும். எது எவ்வளவு என்று அவரே பிரித்துப் பார்க்கவில்லை. நாமும் பார்க்க வேண்டாம்.

"வீட்டுப் பிரதியை வெச்சுடுங்க," என்றார்.

"நிலாப் பிரதியை வேற எங்கயாவது எடுத்து வைக்கட்டுமா சார்? அழிஞ்சா வராது."

"வேணாம். இருந்தா என்னிக்காவது அவ கண்ணுல படும்."

பதினோரு மாதமும் ஒரு நிமிஷத்துக்குள் போய்விட்டது. கேபினுக்குள் கிடந்த பதினோரு மணி நேரமும் அதோடு போயிற்று. நான்கு மணிக்கு, நிஜமான குழாய் வழியாக, கலியபெருமாள் தன் மனைவிக்குத் தன் கையால் எழுதினார்.

'ஏற்புப் படிவம் ஃபோல்டர்ல இருக்கு. கையெழுத்து போட்டு ஆறு மணிக்குள்ள வை. கப்பலுக்கு வேணும்.'

எழுதியதைப் படித்துப் பார்த்தார். ஏதோ குறைந்தது. 'உடம்பு எப்படி இருக்கு' என்று சேர்த்தார். அனுப்பினார். சுடர்விழிக்கு அன்று காலை ஷிஃப்ட், இந்நேரம் வீட்டில்தான் இருப்பாள். பதில் பத்து நிமிஷத்தில் வந்தது. பதினோரு மாதத்தில் அவருக்கு வந்த முதல் நிஜமான பதில்.

'யாருங்க இது?'

சிரித்துக்கொண்டே 'நான்தான்' என்று எழுதினார்.

'அவர் இப்படி எழுத மாட்டார். யார் யாரோ ஃபோல்டருக்குள்ள புகுந்து கையெழுத்து வாங்கிடறாங்கன்னு ஆஸ்பத்திரில நோட்டீஸே ஒட்டியிருக்காங்க. மரியாதையா வெளிய போயிடுங்க.'

கலியபெருமாள் கல்யாணத் தேதியை எழுதினார். மோட்டார் வைத்த வருஷத்தை எழுதினார். அவள் விடவில்லை. 'இதெல்லாம் நோட்டுல இருக்கு, உள்ள வந்தவன் எவனும் படிச்சிருப்பான்.' நோட்டில் இல்லாததாக இருவருக்கும் மட்டும் தெரிந்தது ஏதாவது உண்டா என்று தலையைப் பிய்த்துக்கொண்டார். பதினெட்டு வருஷத்தில் நோட்டுக்கு வெளியே இருவரும் பேசிக்கொண்டது எது? ஞாபகம் வரவில்லை. தன்னை நிரூபிக்கிற மாதிரி ஒரு சமாசாரம் இருந்திருந்தால் அது அந்த இரண்டு பக்கம்தான். அதை நாலு மணிக்கு முன்னால் அவரே அழித்துவிட்டார்.

"நீங்க ஒரு போன் பண்ணிச் சொல்லுங்களேம்மா."

"குடும்பத்தாருக்குப் போன் பண்ண எங்களுக்கு அனுமதி கிடையாது சார், வேலை போயிரும். பண்ணினாலும் கம்பெனிலருந்து பேசுதேன்னு சொன்ன உடனே வெச்சிருவாங்க. நோட்டீஸ் பாத்துருக்காங்கல்லா."

மணி ஐந்து ஆனது. கடைசியாக ஒரு தரம் எழுதினார். 'சுடர், நான்தான். நம்பு.' அந்தப் பெயரை அவர் முதன்முதலாக எழுதினார். விரல் கூசியது. பதில் வரவில்லை. ஐந்தே கால் ஆயிற்று. அவருக்கு அழுகை வந்தது, அடக்கவும் இல்லை. லைனைப் பிடித்துக்கொண்டிருந்தாள் ஜெசிந்தா.

"ஏம்மா, அந்த இடைநிரப்பி அது பாட்டுக்கு எழுதுமா, இல்ல நாம கேட்டாலும் எழுதுமா?"

அவள் சுற்றி வளைக்கவில்லை. "கேட்டாலும் எழுதும் சார். என்ன சொல்லணும்னு நீங்க குடுக்கணும், அது வரியாக்கிக் குடுக்கும். வேணும்னு சொன்னீங்கன்னா ஆன் பண்ணுதேன். ஆனா..."

"ஆன் பண்ணுங்க."

படிவம், கையெழுத்து, ஆறு மணி. மூன்றே விஷயம் கொடுத்தார். திரையில் வரிகள் வந்து விழுந்தன.

'சுடர், கொஞ்ச நேரம் முன்னாடி எழுதினதும் நான்தான். பதட்டத்துல பழைய கலியபெருமாள் வந்துட்டான், மன்னிச்சுக்கோ. ஊருக்கு வரணும்னு இருக்கு. வந்தா ஆறு மாசம் எனக்கு நிக்கக்கூட முடியாது, நீதான் பிடிச்சுக்கணும். உன்கிட்ட இதைக் கேக்கறதுக்கு எனக்கு என்ன யோக்கியதை இருக்குன்னு தெரியல. வார்டுல ஊர்ல இருக்கறவங்களையெல்லாம் தூக்கி விடற. என்னையும் ஒருத்தனா சேர்த்துப்பியா? ஆறு மணிக்குள்ள சொன்னாப் போதும்.'

கலியபெருமாள் அதை இரண்டு தரம் படித்தார். தான் சொல்ல நினைத்தது அதுவேதான். ஒரு எழுத்து கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. அனுப்பினார்.

ஐந்து நாற்பத்தொன்றுக்குப் படிவம் திறந்தது. கைரேகை, கையெழுத்து எல்லாம் சரி. கீழே சுடர்விழி ஒரு வரி எழுதியிருந்தாள்.

'இப்பதான் நீங்க பேசற மாதிரி இருக்கு. வாங்க, பிடிச்சுக்கறேன்.'

கப்பல் அலுவலகத்துக்குப் படிவம் போய்ச் சேர்ந்து, இடம் உறுதி என்று சீட்டும் வந்தது. ஜெசிந்தா பெருமூச்சு விட்டது நிலா வரைக்கும் கேட்டது.

"புகாரை முடிச்சிரட்டுமா சார்?"

"முடிச்சுடுங்க. ரொம்ப நேரம் உங்களைப் பிடிச்சு வெச்சுட்டேன்."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. லைன்தான் சரியாயிட்டே, இடைநிரப்பியை நிறுத்திரட்டுமா? இனிமே நீங்களே எழுதலாம்."

கலியபெருமாள் திரையில் இருந்த அந்தக் கடைசி வரியை மறுபடி பார்த்தார்.

"நிறுத்தாதீங்கம்மா. கப்பல் கிளம்ப இன்னும் நாப்பது நாள் இருக்கு. அது எப்படி எழுதுதுன்னு தினம் பாத்துக் கத்துக்கறேன். போய் இறங்கினதும் நான்தான் பேசியாகணும்."